தப்பு என்று தெரிந்தும் ஏன் செய்கிறார்? மூளைப் பாதிப்பும் நடத்தையும்

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பாவுக்கு 61 வயது. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. கை, கால், பேச்சு எல்லாம் ஏறக்குறைய திரும்பிவிட்டன. ஸ்கேன் ரிப்போர்ட்டில் மூளையின் முன்பக்கம், அதாவது முன்மடல் (ஃப்ரண்டல் லோப்) பாதிப்பு என்று இருக்கிறது. ஆனால் ஆள் மாறிவிட்டார். பைசா பைசாவாகக் கணக்குப் பார்த்தவர், வாசலில் விற்க வருகிறவர்கள் எதை நீட்டினாலும் வாங்குகிறார். வீட்டுக்கு வந்த சம்பந்தியை முகத்துக்கு நேராக மட்டம்தட்டிப் பேசுகிறார். தனியாக உட்காரவைத்துக் கேட்டால், "தப்புதாம்மா, இனிமே பண்ண மாட்டேன்" என்கிறார். மறுநாள் அதே கதை. "தெரிஞ்சேதான் பண்றார், எல்லாம் கொழுப்பு" என்கிறார் அம்மா. இது மூளைக்கோளாறா, குணமா, மூளையின் ஒரு பகுதி பழுதானால் மனிதன் இப்படி மாறுவானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாறுவான். உங்கள் அப்பாவை நான் நேரில் பார்க்கவில்லை, அதனால் அவருக்கு இதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பக்கவாதம் வந்தவர்களுக்கான மறுவாழ்வுப் பயிற்சியில் வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், நீங்கள் எழுதியிருப்பது எங்களுக்கு மிகவும் பழக்கமான சித்திரம். இதில் உங்கள் அம்மா சொல்லும் "தெரிஞ்சேதான் பண்றார்" என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதை வைத்து அது கொழுப்பு என்று முடிவு செய்துவிட முடியாது. ஒரு காரியம் தப்பு என்று தெரிந்திருப்பது ஒரு வேலை. அந்த அறிவு சரியான நொடியில் வந்து நம்மைத் தடுப்பது இன்னொரு வேலை. இரண்டையும் மூளை வெவ்வேறு பாதைகளில் செய்கிறது. ஒன்று பழுதாகி இன்னொன்று பத்திரமாக இருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது திமிர் போலத்தான் தெரியும்.

இந்தத் துறையில் எல்லோரும் முதலில் சொல்வது ஃபினியஸ் கேஜின் கதை. 1848 செப்டம்பர் 13, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம், கேவண்டிஷ் என்ற ஊர்ப் பக்கம். ரயில்பாதை போடப் பாறை உடைக்கும் கூலியாட்களுக்கு மேஸ்திரி அவர், வயது 25. பாறைத் துளையில் வெடிமருந்தைக் கெட்டிக்கும்போது அது வெடித்தது. ஒரு மீட்டருக்கு மேல் நீளமும் 6 கிலோ எடையும் உள்ள இரும்புக் கம்பி அவருடைய இடது கன்னத்தில் புகுந்து, கண்ணுக்குப் பின்னால் ஏறி, உச்சந்தலை வழியாக வெளியே போய் விழுந்தது. கேஜ் சில நிமிடங்களில் எழுந்து பேசினார். மாட்டுவண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே ஊருக்குள் போனார். பிழைத்தும் விட்டார். இருபது வருடம் கழித்து, 1868ல், அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஜான் ஹார்லோ எழுதினார்: பொறுப்பான ஆளாக இருந்தவர் விபத்துக்குப் பிறகு பொறுமை இல்லாதவர், மரியாதையில்லாமல் பேசுகிறவர், திட்டம் திட்டமாகப் போட்டு உடனே கைவிடுகிறவர். அவர் பழைய கேஜே இல்லை என்று நண்பர்கள் சொன்னார்கள். ரயில்பாதைக்காரர்கள் பழைய வேலையைத் தரவில்லை.

பெரும்பாலானவர்கள் கதையை இங்கே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இதற்கப்புறம் நடந்ததுதான். கேஜ் 1852ல் தென் அமெரிக்காவில் உள்ள சிலி நாட்டுக்குப் போனார். அங்கே ஏழு வருடத்துக்குப் பக்கத்தில் பயணிகள் கோச்சு வண்டி ஓட்டினார். பல குதிரைகள் பூட்டிய வண்டி, நீண்ட பாதை, நேரம் தவறக் கூடாத வேலை. கட்டுப்பாடே போய்விட்ட மனிதரால் அது நடக்காது. 1860ல் வலிப்பு வந்து இறந்தார். அந்த ஏழு வருடங்கள் உங்கள் வீட்டுக்கு ஏன் முக்கியம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கேஜ் காலத்தில் ஸ்கேன் கிடையாது, முறையான சோதனைகளும் கிடையாது. உங்கள் அப்பா விஷயத்தைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல உதாரணம் 1985ல் எஸ்லிங்கர், அந்தோனியோ டமாசியோ என்ற மூளை ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஒரு நோயாளியின் வரலாறு. கணக்கு வழக்கு பார்க்கும் வேலையில் இருந்தவர், நல்ல குடும்பஸ்தர். 35 வயதில் மூளையின் முன்பக்க அடியில், இரண்டு கண்குழிகளுக்கும் மேலே வளர்ந்த ஒரு கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அதோடு சேர்ந்து அந்த இடத்து மூளைத் திசுவும் போனது. பிறகு புத்திக்கூர்மைச் சோதனை செய்தபோது சராசரியைவிட மிக மேலே இருந்தார். ஞாபகசக்தி நன்றாக இருந்தது. ஒரு சிக்கலான தர்மசங்கடத்தைக் கதையாகச் சொல்லி என்ன செய்யலாம் என்று கேட்டால், அருமையாக யோசித்துப் பதில் சொன்னார்.

ஆனால் வாழ்க்கை தலைகீழாகிவிட்டது. வேலை போனது. எச்சரித்தும் கேட்காமல் ஒரு தொழிலில் பணத்தைப் போட்டு எல்லாவற்றையும் இழந்தார். திருமணம் முறிந்தது, இரண்டாவது திருமணமும் முறிந்தது. இரவு எந்த ஓட்டலில் சாப்பிடுவது என்று தீர்மானிக்க மணிக்கணக்காகும். ஒவ்வொரு ஓட்டலிலும் இருக்கைகள் எப்படி, மெனுவில் என்ன இருக்கிறது என்று அலசுவார். எங்கே கூட்டம் குறைவு என்று காரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தும் வருவார். அப்படியும் முடிவுக்கு வர மாட்டார். எது சரி என்ற அறிவில் ஒரு குறையும் இல்லை. அந்த அறிவுக்குக் கனம் இல்லை, அவ்வளவுதான்.

இந்தக் கனம் என்பதை அளந்து பார்க்க டமாசியோவின் குழுவினர், அந்த்வான் பெச்சாரா தலைமையில், அமெரிக்காவின் அயோவாவில் ஒரு சீட்டு விளையாட்டை உருவாக்கினார்கள். 1994ல் வெளிவந்தது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் "தெரிஞ்சேதான் பண்றார்" என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது.

மேஜையில் நான்கு சீட்டுக்கட்டுகள். ஆடுபவரிடம் 2000 டாலர் விளையாட்டுப் பணம். எந்தக் கட்டிலிருந்து வேண்டுமானாலும் ஒவ்வொரு சீட்டாக எடுக்கலாம், மொத்தம் நூறு சீட்டு. முதல் இரண்டு கட்டுகளில் ஒவ்வொரு சீட்டுக்கும் 100 டாலர் கிடைக்கும். ஆனால் நடுநடுவே பெரிய அபராதம் வரும், பத்துச் சீட்டு எடுத்தால் மொத்தத்தில் 250 டாலர் நஷ்டம். மற்ற இரண்டு கட்டுகளில் ஒரு சீட்டுக்கு 50 டாலர்தான், ஆனால் அபராதம் சிறியது. பத்துச் சீட்டுக்கு 250 டாலர் லாபம். இந்த விவரம் எதையும் ஆடுபவரிடம் சொல்ல மாட்டார்கள்.

மூளை நன்றாக இருப்பவர்கள் ஆரம்பத்தில் 100 டாலர் கட்டுகளுக்குப் போவார்கள், அடிபடுவார்கள், மெல்ல மெல்லப் பின்வாங்கி 50 டாலர் கட்டுகளுக்கு வந்துவிடுவார்கள். அவர்கள் விரல்களில் ஒரு கருவி மாட்டி, வியர்வையால் தோலில் வரும் நுண்ணிய மின்மாற்றத்தையும் அளந்தார்கள். 1997ல் வெளியிட்ட முடிவு இது: ஆபத்தான கட்டை நோக்கிக் கை போகும்போதே, சீட்டை எடுப்பதற்கு முன்பே, தோல் வியர்க்கத் தொடங்குகிறது. பத்துச் சீட்டு தாண்டியதுமே அது ஆரம்பித்துவிடுகிறது. அப்போது கேட்டால் அவர்களுக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. ஐம்பது சீட்டு வாக்கில்தான் "இந்தக் கட்டு எனக்குப் பிடிக்கவில்லை" என்கிறார்கள். எண்பது வாக்கில்தான் பலர் காரணத்தை விளக்குகிறார்கள். புத்தி கண்டுபிடிப்பதற்கு முன்னால் உடம்பு எச்சரித்துவிட்டது.

முன்மடலின் அடிப்பகுதி பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்த முன்கூட்டிய வியர்வை வரவில்லை. அபராதம் வந்த பிறகு வியர்த்தது. எடுப்பதற்கு முன் இல்லை. அவர்களில் சிலர் எந்தக் கட்டுகள் மோசமானவை என்பதைச் சரியாகக் கண்டுபிடித்து வாயால் சொன்னார்கள். சொன்ன பிறகும் அதே கட்டுகளிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தார்கள். உடம்பின் இந்த எச்சரிக்கைதான் முடிவெடுக்க வழிகாட்டுகிறது என்று டமாசியோ கொடுத்த விளக்கம் எவ்வளவு சரி என்று ஆராய்ச்சியாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். ஆனால் தெரிவதும் நிறுத்திக்கொள்வதும் தனித்தனி என்பதில் நோயாளிகளோடு பழகும் எவருக்கும் சந்தேகம் வராது. உங்கள் அப்பா "தப்புதாம்மா" என்று சொல்லும்போது பொய் சொல்லவில்லை. அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது அவருக்கு அது தெரியும். வியாபாரி ஒரு பிளாஸ்டிக் வாளியை நீட்டும் நொடியில் அந்த அறிவு வந்து சேர்வதில்லை.

வாளியைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 1983ல் ஃபிரான்சுவா லெர்மித் என்ற பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர், முன்மடல் பாதித்த சிலரிடம் கண்ட ஒன்றை எழுதினார். நோயாளியிடம் எதுவும் பேசாமல் ஒரு மூக்குக்கண்ணாடியைக் கொடுப்பார். அவர் வாங்கிப் போட்டுக்கொள்வார். இன்னொன்றைக் கொடுத்தால் முதல் கண்ணாடியைக் கழற்றாமல் அதன் மேலேயே போட்டுக்கொள்வார். மூன்றாவதையும் அப்படியே. கண்ணில் பட்ட பொருளே "என்னைப் பயன்படுத்து" என்று கட்டளை போடுகிறது, அதை மறுக்க உள்ளே ஆள் இல்லை. நமக்கும் பொருட்கள் அப்படிக் கட்டளை போடுகின்றனதான். மேஜையில் முறுக்கு இருந்தால் பசியில்லாமலே கை போகிறது. முன்மடல் அந்தக் கையை பெரும்பாலும் பிடித்துவிடுகிறது.

இதனால் முன்மடலை மூளையின் பிரேக் என்று சொல்கிறார்கள். அதை நான் பாதிதான் ஏற்பேன். முன்மடலின் அடிப்பகுதி போனால் அடக்கம் போகிறது, சரி. ஆனால் முன்மடலில், மூளையின் இடது, வலது பாதிகள் சந்திக்கும் உள்பக்கச் சுவரில் பாதிப்பு வந்தால் நேர்மாறாக நடக்கும். அந்த மனிதர் காலையில் உட்காரவைத்த இடத்தில் மாலைவரை உட்கார்ந்திருப்பார். பசிக்கிறதா என்றால் பசிக்கிறது என்பார், சாப்பாட்டைப் பக்கத்தில் வைத்தாலும் எடுக்க மாட்டார். நடக்கத் தெம்பு இருக்கும், எழுந்து நடக்க மாட்டார். பயிற்சிக்கு வரும் குடும்பங்களில் "சோம்பேறி ஆயிட்டார்" என்று திட்டு வாங்குகிறவர்களில் இப்படிப்பட்டவர்கள் நிறைய. கத்துகிறவரையாவது டாக்டரிடம் கூட்டிப்போகிறார்கள். சும்மா உட்கார்ந்திருப்பவரை யாரும் கூட்டிப்போவதில்லை, அது எனக்குப் பெரிய வருத்தம்.

வேறு இடத்தில் அடிபட்டால் வேறு விதமாகப் பிரியும். மூளையின் வலது பக்கப் பின்பகுதியில் பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு இடப்பக்க உலகமே கவனத்தில் வராது. கண் தெரியும், ஆனால் கவனம் போகாது. இலையில் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு "பொரியலே வைக்கலையா?" என்பார். இலையைத் திருப்பி வைத்தால் சாப்பிடுவார். வீட்டில் இதைக் குறை சொல்லும் குணம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

இதில் மிகவும் வியப்பான சோதனை 1978ல் இத்தாலியில் பிசியாக், லுட்சாட்டி இருவரும் செய்தது. நோயாளிகள் இருவரும் மிலான் நகரவாசிகள். அந்த ஊர் பெரிய தேவாலயச் சதுக்கம் அவர்களுக்கு மனப்பாடம். சதுக்கத்தின் ஒரு முனையில் தேவாலயத்தைப் பார்த்து நிற்பதாகக் கற்பனை செய்துகொண்டு என்னென்ன தெரிகிறது என்று சொல்லச் சொன்னார்கள். வலப்பக்கக் கட்டடங்களையே சொன்னார்கள், இடப்பக்கம் கிட்டத்தட்ட விட்டுப்போயிற்று. இப்போது தேவாலயத்தின் வாசலில், எதிர்ப்பக்கம் பார்த்து நிற்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். முன்பு விட்டுப்போன கட்டடங்கள் இப்போது வலப்பக்கம் வந்துவிட்டன, அவற்றையெல்லாம் சரியாகச் சொன்னார்கள். முன்பு சொன்னவை காணாமல் போயின. சதுக்கம் முழுவதும் அவர்கள் நினைவில் இருந்தது. அந்த நேரத்தில் எட்டியது பாதிதான்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மூளை ஆராய்ச்சியாளர் வி.எஸ். ராமச்சந்திரன், கலிஃபோர்னியாவில் ஒரு இளைஞரை ஆராய்ந்தார். விபத்தில் தலையில் அடிபட்டவர். அதற்குப் பிறகு பெற்றோரைப் பார்த்து, "இவர்கள் என் அப்பா அம்மா மாதிரியே இருக்கிறார்கள், ஆனால் வேறு ஆட்கள்" என்று சொல்ல ஆரம்பித்தார். முகத்தை அடையாளம் காண்பதில் குறையில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் வரவேண்டிய பரிச்சய உணர்வு வரவில்லை. தோல் வியர்வைச் சோதனையிலும் தெரிந்த முகத்துக்கும் தெரியாத முகத்துக்கும் வித்தியாசம் இல்லை. தொலைபேசியில் பேசினால் அப்பாவை அப்பாவாகவே ஏற்றுக்கொண்டார். காதிலிருந்து உணர்வுக்குப் போகும் பாதை பிழைத்திருந்தது, கண்ணிலிருந்து போகும் பாதை அறுந்திருந்தது என்பது ராமச்சந்திரனின் விளக்கம்.

இவற்றையெல்லாம் படித்ததும் மூளையைக் கூறு போட்டு, இந்தப் பகுதி கோபம், இந்தப் பகுதி பயம் என்று படம் போடத் தோன்றும். இணையத்தில் அப்படிப் படங்கள் ஏராளம். அவற்றை நம்பாதீர்கள். மூளைக்குள் பாதாம்பருப்பு அளவில் இருக்கும் அமிக்டலா என்ற பகுதியைப் பயத்தின் இருப்பிடம் என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு அரிய மரபு நோயால் இரண்டு பக்க அமிக்டலாவும் அழிந்துபோன ஒரு அமெரிக்கப் பெண்மணியைப் பல வருடம் ஆராய்ந்தார்கள். பாம்பு எனக்குப் பிடிக்காது என்று வாயால் சொல்லிக்கொண்டே, செல்லப்பிராணிக் கடையில் பாம்பைக் கையில் எடுத்துத் தடவிக்கொண்டிருந்தார். இதுவரை படம் சரி. ஆனால் 2013ல் வெளிவந்த சோதனையில் அவரை 35 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை ஒரு மூச்சு இழுக்கச் சொன்னபோது, மூச்சுத் திணறி, பயத்தில் அலறிவிட்டார். வெளியே உள்ள ஆபத்தைக் கண்டு பயப்பட அமிக்டலா வேண்டும். உடம்புக்குள்ளிருந்து எழும் பயத்துக்கு வேறு பாதை இருக்கிறது. ஒரு பகுதி எப்போதும் ஒரு கூட்டணியில்தான் வேலை செய்கிறது.

பழி யார் மேல் என்ற கேள்விக்கு வருகிறேன். அம்மாவின் கோபத்துக்கு அடியில் அதுதான் இருக்கிறது. 2003ல் வெர்ஜீனியாவின் மருத்துவர்கள் வெளியிட்ட வரலாறு ஒன்று: 40 வயது ஆண், அதுவரை இப்படி நடந்தவரில்லை, குழந்தைகள் மேல் தவறான ஈர்ப்புக்கு ஆளாகி நீதிமன்றம்வரை போனார். கடும் தலைவலி என்று வந்தபோது ஸ்கேன் எடுத்தால், வலப்பக்க முன்மடலின் அடியில் பெரிய கட்டி. எடுத்ததும் அந்த நடத்தை நின்றது. மாதங்கள் கழித்து அது திரும்ப ஆரம்பித்தபோது கட்டியும் திரும்ப வளர்ந்திருந்தது. மறுபடி எடுத்தார்கள், மறுபடி நின்றது. தான் செய்வது தவறு என்பது அவருக்குக் கடைசிவரை தெரிந்திருந்தது.

இதை வைத்து மூளைமேல் பழி போட்டு யாரும் தப்பிக்கலாம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் குழந்தைகளைப் பாதுகாக்க வேண்டிய கடமை கட்டியால் குறைந்துவிடாது. முன்மடலில் அடிபட்டவர்களில் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்வதுமில்லை. நான் சொல்வது இதுதான்: திருந்த வேண்டும் என்ற எண்ணம் இல்லாதவரையும், எண்ணம் இருந்தும் அது கைக்கு வந்து சேராதவரையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம். முதல் ஆளுக்குப் புத்திமதி பயன்படலாம். இரண்டாவது ஆளுக்குப் புத்திமதி சொல்வது, அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பச் சொல்வது.

இப்போது கேஜின் ஏழு வருடங்கள். ஆராய்ச்சியாளர்கள் ஊகிப்பது என்னவென்றால், கோச்சு வண்டி வேலையின் அன்றாட ஒழுங்கே அவருக்குத் துணையாக இருந்திருக்கும். எப்போது எழுவது, எந்தப் பாதை, எங்கே நிறுத்துவது என்று எல்லாம் வெளியிலிருந்தே வரையறுக்கப்பட்டிருந்தது. உள்ளே போன ஒழுங்கை வெளியே கட்டிக்கொடுப்பதுதான் எங்கள் பயிற்சியின் சாரமும்.

அதனால் அப்பாவிடம் சத்தியம் வாங்குவதை நிறுத்துங்கள். அது அவரையும் உங்களையும் காயப்படுத்துவதைத் தவிர ஒன்றும் செய்யாது. விற்க வருகிறவர்கள் வரும் நேரத்தில் அவர் வாசலில் இல்லாமல் பின்கட்டிலோ மொட்டைமாடியிலோ ஒரு வேலையில் இருக்கட்டும். சட்டைப்பையில் அன்றைக்குத் தேவையான சில்லறை மட்டும் இருக்கட்டும். ஏடிஎம் கார்டும் போனில் பணம் அனுப்பும் வசதியும் உங்களிடம் இருக்கட்டும். ஆனால் அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், ஒளித்து வைத்தால் சந்தேகம் கிளம்பும். தினமும் ஒரே நேரத்தில் ஒரே வரிசையில் காரியங்கள் நடக்கட்டும். விருந்தாளி வந்தால் பத்து நிமிடம் பேசவைத்துவிட்டு வேறு அறைக்கு அழைத்துப்போங்கள்; களைப்பு ஏற ஏற வாய் கட்டவிழும். தவறாகப் பேச ஆரம்பித்த உடனே, அந்த நொடியில், அமைதியான குரலில் ஒரே வார்த்தை: "அப்பா, போதும்." பல குடும்பங்களில் இது வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். இரவு உட்காரவைத்துச் செய்யும் பஞ்சாயத்து வேலை செய்து பார்த்ததில்லை.

பக்கவாதத்துக்குப் பிறகு மனச்சோர்வு வருவது சகஜம், அதுவும் எரிச்சலாக வெளிப்படும், அதற்கு மருந்து உண்டு. அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் டாக்டரிடம் எடுத்துப்போங்கள். உதாரணமாக, பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள் சிலருக்கு அடக்க முடியாத செலவையும் சூதாட்டத்தையும் உண்டாக்குவது நன்றாகத் தெரிந்த விஷயம். இருக்கிற நிலையிலிருந்து திடீரென மோசமானால், தூக்கக் கலக்கமோ தலைவலியோ வலிப்போ சேர்ந்தால், காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நரம்பியல் டாக்டரிடம் நியூரோசைக்காலஜி மதிப்பீடு, அதாவது ஞாபகம், கவனம், முடிவெடுப்பது போன்றவற்றைச் சோதிக்கும் மதிப்பீடு வேண்டும் என்று கேளுங்கள். அப்பாவோடு நீங்களோ அம்மாவோ கட்டாயம் உள்ளே போய், நடந்ததைத் தேதி போட்டு எழுதிய தாளை டாக்டரிடம் கொடுங்கள். என்ன நடந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள், முந்தைய இரவு தூங்கினாரா, இவ்வளவு போதும். டாக்டரின் அறை அமைதியாக இருக்கும், கேள்விகள் ஒவ்வொன்றாக வரும், எடுத்துக்கொள்ளச் சொல்லி யாரும் எதையும் நீட்ட மாட்டார்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தில் உங்கள் அப்பா எல்லாவற்றுக்கும் மிகச் சரியாகப் பதில் சொல்லிவிடுவார். அந்தத் தாள் இல்லாவிட்டால், ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிடுவார்கள்.